இரண்டாவது கோப்பை

ஐந்து வருடம் நான்தான் படுத்தேன்
குதாயிசியின் பரிசோதனைக் கட்டில்களில்.
ஐந்து வருடம் நான்தான் குடித்தேன்
மாமியார் காய்ச்சிய கசப்பை.
மல்காஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான்.

"என்னிடம் என்ன இருக்கப்போகிறது" என்பான்,
இடுப்புவரை அடுப்புக்குள் குனிந்து
மண்சுவரில் மாவை அறைந்தபடி.
பதினாறு வயதிலிருந்து அந்த அடுப்பு
நாளுக்கு நானூறு தடவை
அவனை விழுங்கித் துப்புகிறது.

ஒருவழியாக வந்தான்,
சவரம் செய்து, சட்டைக்குக் கஞ்சி போட்டு,
யார் கல்யாணத்துக்கோ போகிறவன் மாதிரி.
டாக்டர் இர்மா கேட்டாள்:
பொன்னுக்கு வீங்கி வந்ததுண்டா?
பதினான்கு வயதில். கீழேயும் வீங்கியது.
சிகரெட்? இரண்டு பாக்கெட்.
சூட்டில் நிற்கும் வேலையா?
சிரித்தான். அவள் எழுதிக்கொண்டாள்.
விதைப்பையில் நரம்பு சுருண்டிருக்கலாம்,
நிறையப் பேருக்கு உண்டு,
ஸ்கேனில் பார்த்துவிடுவோம் என்றாள்.

நரம்பு ஒழுங்காகத்தான் இருந்தது.
கட்டி இருந்தது. இடது பக்கம்.
மொச்சைக்கொட்டை அளவு.

என்னைப் பற்றித் தெருவில் பேசியவர்கள்
அன்று மாலை ரொட்டி வாங்கிக்கொண்டு
சில்லறையை எண்ணாமல் போனார்கள்.
எனக்கு ஒரு நொடி,
சொல்லிவிடுகிறேன்,
நிம்மதியாக இருந்தது.
அந்த நொடியை எங்கே வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

அறுவைக்கு முந்தின நாள் திபிலிசிக்கு ரயில்.
ஒரு சின்ன அறை, மூடி போட்ட குப்பி.
இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தான்,
யார் முகத்தையும் பார்க்கவில்லை.
"குறைவுதான்" என்றார்கள்.
"ஆனால் சில அசைகின்றன."
நான்கு குழல்களில் உறையவைத்தார்கள்.
வருடா வருடம் ஜனவரியில் வாடகை.

பிறகு மருந்து, மூன்று சுற்று.
எவர்சில்வர் கரண்டி வாயில் துருப்பிடித்தது,
மரக்கரண்டிக்கு மாறினோம்.
புண்ணுக்குச் சமையல் சோடாவில் கொப்பளிப்பு.
காய்ச்சல் முப்பத்தெட்டைத் தொட்டால்
மணி பார்க்காமல் டாக்ஸி.
இதெல்லாம் தாளில் அச்சடித்துத் தந்தார்கள்.
தாளில் இல்லாதது ஒன்று:
ரொட்டி வாசனை அவனுக்கு ஆகாமல் போனது.

எங்கள் வீடு அடுப்புக்கு நேர் மேலே.
விடிகாலை நாலுக்குத் தரை வழியாக ஏறிவரும் மணம்.
ஊரே மூக்கை நீட்டி நிற்கும் அந்த மணத்துக்கு
அவன் வாளியைத் தேடுவான்.

கூட்டாளி கோச்சா ஒன்றும் கேட்கவில்லை.
மாவையும் ஆட்களையும்
ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவன் அடுப்புக்குக் கொண்டுபோனான்.
சனிக்கிழமைகளில் பாதிப் பணத்தோடு வருவான்.
மாடிப்படியில் நின்று சட்டையைக் கழற்றி
பையில் இருந்த சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு,
பிறகுதான் கதவைத் தட்டுவான்.
படிக்கட்டில் அவன் வெற்று முதுகை
ஒருமுறை பார்த்துவிட்டேன்.
அன்று மட்டும்தான் அழுதேன்.

இப்போது முடி வந்துவிட்டது, சுருளாக.
வாசனையும் திரும்பிவிட்டது.
விரல் நுனிகள் திரும்பவில்லை.
மாவு பதமா என்று தெரியாமல்
முழங்கையால் அழுத்திப் பார்க்கிறான்.
முதல் நாள் அறைந்த ஒன்பதில்
மூன்று நெருப்பில் விழுந்தன.
கோச்சா மூன்றையும் எடுத்து,
கரியைச் சுரண்டித் தின்றான்.

போன மாதம் எண்ணிப் பார்த்தார்கள்.
பூஜ்யம்.
இரண்டு வருடம் பொறுங்கள் என்றாள் இர்மா,
திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.
நான்கு குழல் இருக்கிறதே என்றேன்.
இருக்கிறது என்றாள், அதற்கு மேல் பேசவில்லை.

ஞாயிறன்று மாமியார் வந்தாள்,
அதே பாத்திரம், அதே பச்சைக் கசப்பு.
வேண்டாம் அம்மா, டாக்டரைக் கேட்காமல் எதுவும் கூடாது
என்று எழுந்தேன்.
அவள் காதில் வாங்கவில்லை.
எனக்கு ஒன்று ஊற்றினாள்.
கொஞ்சம் நின்றாள்.
அலமாரியிலிருந்து இன்னொரு கோப்பை எடுத்து
மகன் முன்னால் வைத்தாள்.

நான் தடுப்பதற்குள் ஒரு மிடறு போய்விட்டது.
முகம் கோணி, கண்ணில் நீர் வந்து
என்னைப் பார்த்தான்.
"இதையா?" என்றான்.
"ஐந்து வருடம் இதையா?"

இதைத்தான் என்றேன்.