ஒழுகும் கூரை

மான்ட்ரியல், அக்டோபர்.
கொல்லைப்புறத்தில் தேவதாருக் கிளை வேய்ந்த குடில்.
நட்சத்திரம் தெரியாத கூரை
கூரையே அல்ல என்பது சட்டம்.
தெரிந்தது மழை.

"சூப்பில் மழை விழுந்தால்
உள்ளே போகலாம், லாசர்.
அதுவும் சட்டம்தான்" என்றாள் ஃப்ரூமா,
கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டு.

கூடாரப் பண்டிகையில்
பாலைவனத்தில் அலைந்தவர்களை நினைக்க வேண்டும்.
எனக்கு வந்ததோ
மேல்மாடி ஒதெத்தின் நினைவு.
ஜூலையிலிருந்து நான்கு கடிதம்:
கட்டில்மேல் ஒழுகுகிறது, ஐயா.
வாடகை ரசீதை மட்டும் அனுப்பியிருந்தேன்.

ஃப்ரூமா போய்விட்டாள்.
நான் எழவில்லை.
குடிக்கக் குடிக்க
நிறைந்துகொண்டே வந்தது சூப்.

மேலே, அவள் ஜன்னலுக்குள்
வாளியை நகர்த்தும் சத்தம்.

பேனா தொடக் கூடாத நாள்.
படியேறத் தடையில்லை.