சொல்லுக்கு ஒரு சென்ட்

படகு எஞ்சினுக்குச் சேர்த்த பணம்
எடிட்டர் கிராசாவிடம் போனது,
சொல்லுக்கு ஒரு சென்ட்.
செத்தூபல் துறைமுகத்தில்
முப்பது வருடம் கிரேன் ஓட்டியதை எழுதியிருந்தேன்.

ஆறு வாரத்தில் திரும்பியது.
பதினேழு இடங்களில் மழை நின்றிருந்தது.
மேஸ்திரியைத் திட்டிய அத்தியாயம்
அரைப் பக்கமாக வற்றியிருந்தது.
சரி, போகட்டும்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில் மட்டும்
பென்சிலில், பொடி எழுத்தில்:
'ஒடெட் ரொட்டி வாங்கப் போகிறாள்.
அப்புறம் புத்தகத்தில் எங்குமே இல்லை.
வீடு திரும்பினாளா?'

கிராசா போர்த்தோக்காரி.
இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது
அவளுக்குத் தெரியாது.

இரண்டாம் தவணையைக் கட்டினேன்.
கேள்விக்கு அடியில்
பதிலுக்கென அவள் விட்டிருந்த இடம்
மூன்று விரல் அகலம்.

பேனாவை எடுத்து
என் வரியில் இரண்டே சொல் வெட்டினேன்:
ரொட்டி வாங்க.