ஏழு தசம் ஐந்து

நோட்டு எண்ணுவதும் இதே விரல்தான்.
இடது சுட்டுவிரல், முதல் கணு.
பந்தின் தையல் உரசி உரசித்
தோல் தடித்துச் செத்த இடம்.
ஈரப் பஞ்சில் தொட்டால்
அதற்கு மட்டும் ஈரம் தெரியாது.

செட்டியார் தெருக் கிளை, மூன்றாம் கவுண்டர்.
நகைக்கடைக்காரர் கட்டுக் கட்டாய் வைப்பார்கள்.
மிஷினை விட நான் வேகம்.

பதினொரு வருடம்.
கொட்டாஞ்சேனையில் 176 ஏறி
கால்களுக்கிடையே கிட் பையை நிறுத்தி
பைக்கும் டிக்கட் எடு என்ற ஏச்சோடு
பொரளையில் இறங்குவேன்.

முதல் சர்வதேச ஆட்டத்தில் சப்பாத்து இரவல்.
ஆண்களுக்குத் தைத்த சட்டை
முழங்கை தாண்டித் தொங்க,
மடித்து ஊசி குத்திக்கொண்டு
இரண்டு விக்கெட் எடுத்தேன்.
ஸ்கோர்ப் பலகையில் எட்டு எழுத்துக்குத்தான் இடம்.
எமல்டா சூசைப்பிள்ளை
சூசைப்பி ஆனாள்.
நாடு என்னை அப்படித்தான் அறிந்தது.
நாடு என்றால்
அன்று வந்திருந்த நாற்பது பேர்,
மதில்மேல் காகங்கள்,
ரோலரின் நிழலில் படுத்திருந்த ஒரு நாய்.

வேகம் இல்லை என்னிடம்.
பந்தை அவள் கண்ணுக்கு மேலே தூக்கி விட்டு
வா, அடி என்பேன்.
இறங்கி வருவாள்.
மட்டை வந்து சேர்வதற்கும் பந்து விழுவதற்கும் நடுவில்
ஒரு சாண் இடைவெளி.
அதில்தான் குடியிருந்தேன்,
வாடகை கட்டாமல்.

கடைசி ஆட்டம் கடைசி என்று தெரியாது.
ஒக்டோபர். என் எட்டாவது ஓவர்.
ஐந்தாம் பந்து விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போனது.
ஹிமேஷா விட்டாள்.
விட்ட கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
பரவாயில்லை என்றேன்.
(இன்றுவரை பரவாயில்லை ஆகவில்லை.)
ஆறாவதுக்குத் திரும்பி நடந்தேன்.
முன்னங்காலை வைக்க அந்தப் பெண் தயங்குவது
இங்கிருந்தே தெரிந்தது.
என்ன போடுவதென்று விரல் முடிவெடுத்துவிட்டது.

அப்போது களனிப் பக்கம் கறுத்து
தூறல் என்ற மரியாதை கூட இல்லாமல்
கொட்டியது.
தார்ப்பாய் இழுத்தவர்களோடு நானும் இழுத்தேன்.
ஆட்டம் அதோடு சரி.

அடுத்த தொடருக்குப் பெயர் இல்லை.
யாரும் எடுத்துச் சொல்லவில்லை.
அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து
நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்று
சாம்பல் நிறத்தில் ஒரு வரி.
மதியச் சாப்பாட்டு நேரம்.
பார்சலில் பருப்பு ஆறிக்கொண்டிருந்தது.
சாப்பிட்டேன்.

பதிவேட்டில் இருக்கிறது:
ஏழு தசம் ஐந்து ஓவர், இருபத்தாறு ஓட்டம், ஒரு விக்கெட்.
இன்னொரு பந்து போட்டிருந்தால்
அந்தத் தசமே மறைந்து
எட்டு என்று முழுசாய் நின்றிருக்கும்.

நூறு நோட்டுக் கட்டை
ஆறாறாய்த்தான் எண்ணுகிறேன்.
பதினாறு ஓவர், நாலு பந்து.
எந்தக் கட்டும் ஓவரில் முடிவதில்லை.

கட்டு முடிகிற இடத்தில் ஏன் ஒரு கணம் நிற்கிறாய்
என்று நேற்று மேனேஜர் கேட்டார்.
மழை வருகிறதா பார்க்கிறேன் சேர் என்றேன்.

வெளியே செட்டியார் தெரு முழுக்க
வெயில்.