மொட்டைக்கல்

வாய்க்கால் வெட்ட வந்தவர்கள்
பதினோரு கூடாரம் போட்டார்கள்.
மைல் கணக்குக்கு நட்ட கற்களில்
இங்கே நட்டதற்கு மட்டும் எண் வெட்டவில்லை.
கல்தச்சனுக்குக் கூலி பாக்கி என்பார்கள்,
அன்றைக்குக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள்.

வேலை முடிந்தது, தண்ணீர் வந்தது.
எட்டுக் கூடாரம் அடுத்த வேலைக்கு நகர்ந்தது.
மூன்று நின்றுவிட்டது:
ஒன்றில் பிரசவம்,
ஒன்றில் கடன்,
மூன்றாவதில் குருநாதன்.
காணாமல் போன கழுதையைத்
தேடிக்கொண்டே இருந்தார்
வீடு கட்டிய பிறகும்.

ஊர் என்று நாங்கள்தான் சொல்கிறோம்.
சர்க்கார் வரைபடத்தில் இங்கே
ஒரு புள்ளிக்கோடு மட்டும் ஓடுகிறது.
கிழக்கே வேப்பங்காட்டூர் ஊராட்சி,
மேற்கே கருங்கரைப்பாளையம்.
கோடு செங்கோட்டாயி வீட்டு ஆசாரத்தில் நுழைந்து
பொடக்காளி வழியாக வெளியேறும்.
கிழக்கே குழாய்த்தண்ணி செவ்வாய்க்கிழமை,
மேற்கே எப்போதென்று
தண்ணி விடுகிறவருக்கே தெரியாது.
ஓட்டுக் கேட்க மட்டும் இரண்டு பக்கமும் வருவார்கள்.

பேர் வைத்தது கண்டக்டர்.
"மொட்டைக்கல்லெல்லாம் எறங்கு!"
அன்றைக்கு இறங்கியது நாலு பேர்.
இரண்டு பேர் தறிக்காரர்கள்,
ஒருவர் மாட்டுத் தரகர்,
ஒருவர் தூங்கி எழுந்து
தவறி இறங்கியவர்.
அடுத்த பஸ் மறுநாள்தான்.
அவர் மகன் நான்.

போன தையில் செங்கோட்டாயி போய்ச் சேர்ந்தார்,
அந்தப் பிரசவத்தில் பிறந்தவர்.
வாரிசு இல்லை,
சான்றிதழுக்கு நான் அலைந்தேன்.
கட்டில் எங்கே கிடந்தது, கேட்டார்கள் கிழக்கே.
தலை எந்தப் பக்கம், கேட்டார்கள் மேற்கே.
தெற்கே தலைவைத்துப் படுத்தவருங்க,
வலது கை அவங்க பக்கம்,
இடது கை உங்க பக்கம்.
எந்தக் கை முன்னால் சில்லிட்டதென்று
நான் பார்க்கலீங்க.

ஆறாவது நடையில்
தாலுகா ஆபீஸ் பெண்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இறந்த இடம் காலியாக விட முடியாதுங்க,
நீங்க என்ன சொல்லிக் கூப்பிடறீங்க?
சொன்னேன்.
எழுதி, ஊதி, முத்திரை குத்தினார்.

எழுபது வருசத்தில்
எங்கள் ஊர் பேர் ஏறிய முதல் காகிதம்.
வெளியே புளியமரத்தடியில் வந்துதான் பார்த்தேன்,
மொட்டைகல் என்றிருந்தது.
ஒரு க் இல்லை.

திரும்ப உள்ளே போகவில்லை.
கடைசி பஸ் அஞ்சே முக்காலுக்கு.