பூஜ்யம் முதல் அறுபது வரை

ஒரு கேள்விக்குள் இரண்டைக் கேட்காதே.
பதிலைக் கேள்வியிலேயே ஒளித்து வைக்காதே.
பதினைந்தைத் தாண்டினால் எவருக்கும் பொறுமை இருக்காது.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
தார்த்து நகரில், வெள்ளிக்கிழமைகளில்,
காபி ஆறிப்போகும் ஓர் அரங்கில்
மற்றவர்களுக்கு நான் எடுக்கும் பாடம் இது.

திட்டத்துக்கு 'மூச்சு விடும் நேரம்' என்று பெயர்.
வோரு மாவட்டத்தில்
படுக்கையில் விழுந்தவர்கள் இருக்கும் வீடுகளுக்கு
வாரம் இருமுறை ஒரு பணியாளர் போவார்.
அவர் இருக்கும் நேரத்தில்
பார்த்துக்கொள்பவர் தூங்கலாம், கடைக்குப் போகலாம்,
ஆறு மாதமாகத் தள்ளிப்போட்ட பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம்,
நிறுத்திய காருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.
கடைசியாகச் சொன்னதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை.
'பிற' என்ற கட்டத்தில் பதினொரு பேர் எழுதியிருந்தார்கள்.

கேள்வி ஏழு:
கடந்த வாரம் உங்களுக்கென்று கிடைத்த நேரம் எத்தனை மணி?
எண்ணில் மட்டும் எழுதவும்.
கைதவறி ஆயிரம் என்று அடிப்பவர்களுக்காக
ஒரு வேலி போட்டேன், பூஜ்யம் முதல் அறுபது வரை.
முன்சோதனையில் என் தம்பி, பக்கத்து மேசை கைடி,
சம்பளப் பிரிவில் இருவர்
யாருமே வேலியில் முட்டவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள்,
நூற்று நாற்பத்துமூன்று பதில்கள்.
சராசரி நான்கிலிருந்து எட்டுக்கு ஏறியிருந்தது.
நிதி தருபவர்களின் ஆள் ஹெல்டுர்
தொலைபேசியிலேயே கைதட்டினார்.

அன்றிரவு பதிவேட்டைத் திறந்தேன், பழக்கதோஷம்.
யார் எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று
இயந்திரம் சொல்லாமல் குறித்துவைத்திருக்கும்.
தொண்ணூற்றேழாம் எண். கைபேசி. அதிகாலை மூன்று பத்து.
கேள்வி ஏழில்:
168.
தவறு. 0 முதல் 60 வரை ஓர் எண்ணை இடவும்.
168.
தவறு.
நான்கு நிமிடம்.
168.
தவறு.
அந்தச் சிவப்பை நான்தான் தேர்ந்தெடுத்தேன்,
கண்ணில் பட வேண்டும் என்று.
பிறகு பதினேழு நிமிடம் எதுவும் இல்லை.
பிறகு 60.

வாய்ப்பாடு மறந்தவள்போல
காகிதம் எடுத்து
ஏழை இருபத்துநான்கால் பெருக்கினேன்.

அவர் அதோடு நிறுத்தவில்லை.
பணியாளர் சொன்ன நேரத்துக்கு வந்தாரா? எப்போதும்.
பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா? பத்துக்குப் பத்து.
அனுப்பு என்பதை அழுத்தியதும்
'உங்கள் நேரத்துக்கு நன்றி' என்றது திரை.
அதுவும் என் வாக்கியம்தான்.

அழைப்பு வரிசையைத் துழாவினால்
பெயர் கிடைத்துவிடும்.
'நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது' என
முதல் பக்கத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.
மடிக்கணினியை மூடினேன். திறந்தேன். மூடினேன்.

காலையில் ஹெல்டுர் சொன்னார்:
அறுபது நீங்கள் அனுமதித்த எண்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.
எடுத்தால் எட்டு ஏழரைச் சொச்சமாகும்.
அவர் கெட்டவர் இல்லை.
அடுத்த ஆண்டு இன்னும் முப்பது வீடுகள்
அந்த எட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.
எடுத்தேன்.
அடிக்குறிப்பில் ஒரு வரி:
ஒரு பதில் கணக்கில் சேர்க்கப்படவில்லை, பிழை கேள்வியில்.

இப்போது அடுத்த சுற்றுக்கான படிவம்.
எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு புதிய கேள்வி:
நீங்கள் பார்த்துக்கொள்பவர் இன்னும் உங்களுடன் இருக்கிறாரா?
கைடி பேனாவால் தட்டினாள்.
பராமரிப்பு இல்லத்துக்குப் போனவரும் உடன் இல்லை,
போய்ச் சேர்ந்தவரும் உடன் இல்லை.
ஒரே கேள்வியில் இரண்டு, என்றாள்.
பிரித்து எழுதினேன்.
இரண்டாவதற்கு 'ஆம்' என்பவரை
எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது?
அம்புக்குறியை ஒரு வெற்றுப் பக்கத்துக்கு இழுத்தேன்.
அங்கே எதுவும் கேட்கப்போவதில்லை.
சேமி என்றேன்.

சேமிக்க முடியவில்லை, என்கிறது சிவப்பில்.
ஒரு பக்கத்தில் குறைந்தது ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும்.