ஜூலையில் தீபாவளி

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்தில்
கட்டைவிரலால் எழுதுகிறேன்.
ஆயிரத்து நூற்று நாற்பது சொற்கள்.
நேற்றும் அதேதான்;
ஒரு 'ஆனால்' சேர்த்தேன், ஒரு 'ஆனால்' எடுத்தேன்.

வெளியே டுரியான் வாசம். கைப்பேசிக்குள்
தவமலர் முறுக்குப் பிழிகிறாள்,
மூன்று வாரமாக, ஒரே சட்டியில்.
அவள் மகன் இன்னும் பட்டர்வொர்த்தில்
ஃபெரிக்குக் காத்து நிற்கிறான்.
ஏற்றிவிட எனக்குத்தான் ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

பண்டிகைக் கதைக்காரிக்குப் பருவம் எப்போதும் பிசகும்.
பொங்கலைச் செப்டம்பரில் பொங்கவிட்டேன்.
பாதிக் கிறிஸ்துமஸ் மார்ச்சிலிருந்து கிடக்கிறது,
விருந்தாளி ஒருவரும் வராமல்.

ஜெலுத்தோங் அச்சகத்து ஊய்க்குத் தமிழ் தெரியாது.
"இந்த வருஷமும் அட்டையில் விளக்கா?" என்பார்.
நூறு பிரதி. அறுநூற்றைம்பது வெள்ளி.
பாதி முன்பணம்.

பாலத்தடிச் சிவப்பு விளக்கில் பேருந்து நின்றபோது
வந்தது:
கடைசி ஃபெரி அன்று ஏனோ தாமதமாகக் கிளம்பியது.
ஏறிவிட்டான்.
தவமலர் அடுப்பை அணைத்துவிட்டுக் கை கழுவினாள்.

அக்டோபரில் மேற்பார்வையாளர் தாளை நீட்டினார்:
தீபாவளியன்று வேலைக்கு வருவோர்,
இரட்டைச் சம்பளம்.
ஊய்க்குப் பாக்கி முந்நூற்று இருபத்தைந்து.
முதல் பெயர் என்னுடையது.