அரைச் சதம்

மல்லாவி பால் சேகரிப்பு நிலையத்தில்
தொண்டு நிறுவனமொன்று போகும்போது விட்டுப்போன
கொம்பியூட்டர் ஒன்று இருக்கிறது.
முப்பத்திரண்டு பிற். காற்றாடிக்குள் பல்லி எலும்பு.
லீற்றரும் கொழுப்பும் அடர்த்தியும் உள்ளே போக
காசுத்துண்டு வெளியே வரவேண்டும்.
படம் வேண்டாம், பொத்தான் வேண்டாம்.
கறுப்புத் திரை ஒரு வரி கேட்டு
ஒரு வரி சொன்னால் போதும்.

சி மொழி என்று முடிவெடுக்க ஒரு நிமிடம்.
எந்தக் கொம்பைலர் என்பதற்குப் பதினொரு இரவு.

கிளாங் பிழையை அழகாகச் சொல்லும்,
இதோ இந்த எழுத்தில் என்று அம்புக்குறி போட்டு.
அந்தப் பெட்டியில் அதற்கு உட்கார இடமில்லை.
ஜிசிசி பெரிய குடும்பம்.
துணுக்காய்ச் சந்தியில், கோபுரத்துக்குக் கீழே,
ஸ்கூட்டியில் இருந்தபடி இறக்கினேன்;
முக்கால்வாசியில் ரீலோட் தீர்ந்தது.
மறுநாள் மிச்சம்.
டிசிசி ஒரு மெகாபைற்றும் வராது.
என்டரில் இருந்து விரல் எடுக்குமுன் தொகுத்துவிடும்.
கேள்வி கேட்காது.
கேள்வி கேட்காதவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

றீட்லைன் சேர்த்தால் மேலம்பை அழுத்தப் பழைய வரி வரும்.
கிருபைராசா அண்ணன் ஒற்றை விரலால் தட்டுகிறவர்,
அந்த விரல் மேலம்பு வரைக்கும் போகாது.
என்கேர்ஸஸ் கட்டம் கட்டும், நிறம் பூசும்.
விட்டேன்.
நாள் ஒன்று, நிலையம் ஒன்று என்று பிரித்து வாங்க
கெற்ஒப்ற் இருக்கிறது, காணும்.

மிச்சத்தை வெளியே தேடவிடாமல்
மசலோடு சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டினேன்.
போகிற இடத்தில் இருக்கும் என்று நம்பி
எதையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது,
இது இங்கே எல்லோருக்கும் தெரியும்.
தையல் மெசினைத் தர்மபுரத்திலிருந்து தூக்கிவந்து
இரணைப்பாலை வீதியோரம் வைத்துவிட்டு நடந்ததும்
நாங்கள்தான்.
அதனால்தான் என்கேர்ஸஸை விட்டேன்.

சோதனைக்கு ஒருநாள் பாலை
இரண்டு கொம்பைலரிலும் ஓட்டினேன்.
அறுபத்து மூன்று பேர்.
அறுபத்திரண்டு துண்டும் ஒன்றுபோல.
புஷ்பகாந்தியின் துண்டில் மட்டும்
ஒன்று அறுபத்தேழு சதம் என்றது,
மற்றது அறுபத்தாறு.
ஒரே நிரல். ஒரே மாடு.

இரவு இரண்டு மணிக்குப் பிடிபட்டது.
ஜிசிசி எண்ணைக் கையிலேயே வைத்து
எண்பது பிற் அகலத்தில் பெருக்குகிறது.
டிசிசி ஒவ்வொரு அடிக்கும் கீழே வைத்து,
அறுபத்து நான்காய் நறுக்கி, திரும்ப எடுக்கிறது.
நறுக்கிய துணுக்கு போன இடத்தில்தான்
புஷ்பகாந்தியின் சதம்.
இரண்டிலும் பிழையில்லை.
பாலை மிதவை எண்ணில் அளந்த நான்தான் பிழை.

டபிள் என்றிருந்ததையெல்லாம் அழித்தேன்.
கொழுப்பு பத்தில் ஒன்றாக, பால் மில்லிலீற்றராக,
காசு சதமாக. எல்லாம் முழு எண்.
கடைசியில் வகுக்கும் வரி வந்தது.
சரியாக அரைச் சதம் மிஞ்சினால் யாருக்கு?
கையேட்டில் தேடினேன்,
வட்டமாக்க நாலு விதம் இருந்தது,
யாருக்கு என்று இல்லை.

"தந்தவைக்குத்தான்" என்றார் கிருபைராசா அண்ணன்,
கொள்கலனைக் கழுவியபடி, திரும்பிப் பாராமல்.
பிறகு கொஞ்சம் யோசித்து,
"தலைமைக் கந்தோர் கேட்டால் கொம்பியூட்டர் செய்ததெண்டு சொல்லு."

இப்போது இரண்டும் ஒரே தொகை சொல்கின்றன.
வீட்டில் ஜிசிசி, எல்லா எச்சரிக்கையையும் திறந்துவிட்டு;
நிலையத்தில் டிசிசி, அவசரத்துக்கு.
ஒன்றைத் தெரிவதாகத்தான் தொடங்கினேன்.

காலை ஐந்தேமுக்கால்.
புஷ்பகாந்தி துண்டை வாசிக்கவில்லை,
நாலாய் மடித்துக் கைபேசி உறைக்குள் வைத்தாள்.
சதக் காசு இப்போது யாரிடமும் இல்லை.
அடுத்த துண்டின் பாதியில்
பேப்பர் சுருள் முடிந்தது.
அதற்கு நான் எச்சரிக்கை எழுதவில்லை.